இலவச ஆன்டிவைரஸ் போடலாமா?

(பாகான் நக்கோடா ஓமாரில் சுற்றுவட்டாரத் தோட்ட மக்களுடன் நடந்த சந்திப்பில் ஆற்றிய உரை. அன்று வர இயலாத வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



சுங்கை பெசாரிலிருந்தும் சபாக் பெர்ணத்திலிருந்தும் தஞ்சோங் காராங் பக்கமிருந்தும் வேலை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறீர்கள். இதை வீட்டில் உட்கார்ந்து படிக்கப்போகும் வாசகரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

வழக்கமாக என்னைக் கூப்பிட்டால் குடியுரிமை, வீட்டுப் பிரச்சினை, ஊழியர் சேமநிதி பற்றித்தான் பேசச் சொல்வார்கள். இன்று கணினியைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் ஓர் அக்கா கேட்ட கேள்வி. இந்த வட்டாரக் குடும்பங்களின் கோப்புகளைத் தன் வீட்டு மடிக்கணினியில் சேர்த்து வைத்திருப்பவர் அவர். அடையாள அட்டை நகல், சிவப்பு அட்டை நகல், பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு எழுதிய மனுக்கள், யார் எந்த லயத்து வீட்டில் எத்தனை வருடம் இருந்தார்கள் என்ற பட்டியல், எல்லாம் அதற்குள் இருக்கிறது. அவர் கேட்டார்: "லாயர் சார், இலவசமா ஒரு ஆன்டிவைரஸ் வருதாம். போடலாமா? ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

நான் அவசரத்தில் "போடுங்கக்கா, ஒன்றும் இல்லாததற்கு அதுவாவது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பத்துப் பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று உங்களுக்கு ஊர் ஊராகப் போய்ச் சொல்பவன் நான். ஒரு வீட்டின் எல்லா அறைகளுக்கும் சாவி கேட்கும் ஆளை, யார் என்றே விசாரிக்காமல் உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலைத் திருத்தத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்குத் தனியாக ஒன்றும் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலே அது உள்ளே இருக்கிறது. அதை அணைக்காமல் வைத்திருந்தாலே வீட்டுக் கணினிக்குப் போதும். அதற்கு மேலும் ஒன்றைப் போட்டால் அது உண்மையான ஆன்டிவைரஸா, உண்மையானதாக இருந்தால் அவர்களுக்கு எங்கிருந்து காசு வருகிறது, இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

"இலவசம்" என்றால் என்ன என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. வீடு இலவசம் என்றார்கள். தண்ணீர் இலவசம் என்றார்கள். வேலை நின்ற அன்றைக்கு, தோட்டம் மேம்பாட்டுக்குப் போன அன்றைக்கு, அந்த இலவச வீடு யாருடையது என்று நமக்குத் தெரிந்தது. மூன்று தலைமுறை இருந்த வீட்டுக்கு ஒரு துண்டுக் கடிதத்தில் காலி செய்யும் நாள் வந்தது. வாடகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் விலை வேறு கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

ஆன்டிவைரஸ் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, கணினியில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. பட்டியலில் இல்லாத புதிய ஆசாமிகளைப் பிடிக்க, ஒவ்வொரு நிரலும் என்ன செய்கிறது என்று கூடவே நின்று கவனிக்கிறது. சந்தேகப்படும் கோப்பின் பிரதியை நிறுவனத்தின் சொந்தக் கணினிக்கு அனுப்பிச் சோதிப்பதும் உண்டு. டிஃபெண்டரும் அப்படி அனுப்பக்கூடியதுதான், அதை மறைக்கப் போவதில்லை. பல ஆன்டிவைரஸ்கள் நீங்கள் போகும் இணைய முகவரிகளையும் பார்க்கின்றன. மோசடித் தளமா என்று எச்சரிக்க அது தேவை. ஆக, கணினியில் உங்களைவிட அதிக அதிகாரம் உள்ளது ஆன்டிவைரஸ்தான். காவலுக்கு நிற்பவனுக்கு அவ்வளவு அதிகாரம் வேண்டும், சரி. காவலன் வேடத்தில் திருடன் வந்தால்?

வந்தான். என் அலுவலகத்துக்கே வந்தான்.

2009-ஆம் ஆண்டு என்று நினைவு. தொழில் தொடங்கிய புதிது. எங்கள் கிராணி சத்தியப்பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திரையில் ஒரு பெட்டி குதித்தது. உங்கள் கணினியில் வைரஸ் நிறைந்துவிட்டது, உடனே இலவசமாகச் சோதியுங்கள் என்றது. அழுத்தினார். சிவப்பு எழுத்தில் ஒரு நீண்ட பட்டியல் ஓடியது. இலவசச் சோதனை முடிந்தது, சுத்தம் செய்ய 49 டாலர் என்றது. நான் கட்டினேன்! சட்டம் படித்தவன், அடுத்த நாள் நீதிமன்றத்தில் பத்திரம் சமர்ப்பிக்க வேண்டிய பதற்றம், கடன் அட்டை எண்ணைத் தட்டிவிட்டேன். கணினியில் வைரஸ் எதுவும் இருந்திருக்கவில்லை. நான் காசு கொடுத்துப் போட்டதுதான் வைரஸ். கணினியைத் துடைத்து மீண்டும் விண்டோஸ் போட வேண்டியதாயிற்று. அந்தப் பத்திரத்தைக் கையால் எழுதிக்கொண்டு போனேன்.

எனக்கு மட்டும் நடந்ததல்ல இது. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் இதே வித்தையைக் காட்டி 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் காசு பறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2012-இல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 163 மில்லியன் டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அது பழைய கதை, இப்போது எல்லாம் கைத்தொலைபேசிதானே என்பீர்கள். அங்கே நிலைமை இன்னும் மோசம். 2014-இல் கூகுள் பிளேயில் வைரஸ் ஷீல்ட் என்று ஒரு செயலி 4 டாலருக்கு விற்றது. அது செய்த ஒரே வேலை, நீங்கள் தொட்டதும் திரையில் உள்ள படத்தை மாற்றிக் காட்டுவது. பத்தாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். பிறகு கூகுள் காசைத் திருப்பிக் கொடுத்தது. 2019-இல் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற சோதனை நிறுவனம் ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் செயலிகள் 250-ஐ எடுத்துச் சோதித்தது. தேறியவை 80 மட்டுமே. தேறுவதற்கு அவர்கள் வைத்த வரம்பு என்ன தெரியுமா? கெட்ட செயலிகளில் 30 விழுக்காட்டைப் பிடித்தால் போதும். நம் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு தாராளமாக மதிப்பெண் கொடுக்க மாட்டார்கள். சில செயலிகள் தங்களையே வைரஸ் என்று காட்டிக்கொடுத்தன.

சிரித்தீர்கள், சரி. ஆனால் 2022-இல் ஷார்க்பாட் என்ற வங்கிக் கணக்குத் திருடன் ஆன்டிவைரஸ் செயலி வேடத்தில் கூகுள் பிளேக்குள்ளேயே நுழைந்திருந்தான். அதிகாரபூர்வக் கடையிலேயே இந்தக் கதி என்றால், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைப் பற்றி என்ன சொல்ல? கல்யாணப் பத்திரிகை என்று அனுப்புகிறார்கள், வீடு துப்புரவு செய்யும் நிறுவனம் என்று அனுப்புகிறார்கள், "உங்கள் போனுக்குப் பாதுகாப்பு" என்றும் அனுப்பலாம். போட்டவுடன் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கியின் ரகசிய எண் அவர்கள் கைக்குப் போகிறது. அந்த மாதச் சம்பளம் அந்த இரவே போய்விடும். அப்படி நேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வங்கியையும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணையும் அழைத்துவிட்டு, போலீஸ் புகார் செய்யுங்கள். புகாரை மலாயில் எழுத வராவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள்.

இதுவரை சொன்னது போலிகள். இனிச் சொல்லப்போவது உண்மையான ஆன்டிவைரஸ், நல்ல பெயர் எடுத்தது, வைரஸை ஒழுங்காகவே பிடித்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த வழக்குதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அவாஸ்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிராக் நகரத்து நிறுவனம். 2016-இல் ஏவிஜி என்ற இன்னொரு பிரபல இலவச ஆன்டிவைரஸையும் வாங்கிக்கொண்டது. உலகம் முழுவதும் 400 மில்லியனுக்கு மேல் பயனர்கள். நம் ஊர்க் கணினிக் கடைகளில் பழைய கணினி வாங்கினால் இந்த இரண்டில் ஒன்றைப் போட்டுக் கொடுப்பது வெகுநாள் வழக்கம்.

இந்த அவாஸ்டுக்கு ஜம்ப்ஷாட் என்று ஒரு துணை நிறுவனம் இருந்தது. ஆன்டிவைரஸும் அதன் உலாவி நீட்சிகளும் சேகரித்த விவரங்களை, அதாவது மக்கள் எந்தத் தளத்துக்கு எந்த நொடியில் போனார்கள், எதைத் தேடினார்கள் என்பதை, ஜம்ப்ஷாட் விற்றது. 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்பனை நடந்ததாக அமெரிக்க ஆணையம் தன் குற்றச்சாட்டில் எழுதியிருக்கிறது. சேர்ந்து கிடந்த தரவு 8 பெட்டாபைட்டுக்கு மேல். 128 ஜிபி கைத்தொலைபேசியில் நிரப்பினால் 62,500 கைத்தொலைபேசிகள் வேண்டும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வேவு பார்க்கும் விளம்பரக்காரர்களிடமிருந்து உங்களைக் காப்போம் என்று சொல்லித்தான் அந்த மென்பொருளைப் பரப்பினார்கள்.

பெயரை நீக்கிவிட்டோம் என்றார்கள். பெயர் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு உலாவிக்கும் மாறாத ஓர் எண் இருந்தது. அந்த எண்ணோடு தேதி, நேரம், முழு முகவரி, ஊர் எல்லாம் இருந்தன. ஓர் இணையக் கடையில் இரவு 8 மணி 14 நிமிடம் 32-ஆவது நொடியில் ஒருவர் பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் வாங்கியது யார் என்று கடைக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எண்ணுக்குப் பெயர் கிடைத்துவிடும். பெயர் கிடைத்ததும் அதே எண்ணின் பழைய பதிவுகள் எல்லாம் திறந்துகொள்ளும்: எந்த நோயைப் பற்றித் தேடினார், எந்தக் கோயில் பக்கத்தைப் பார்த்தார், எந்த அரசியல் கட்டுரையைப் படித்தார், கடன் எங்கே கேட்டார். மத நம்பிக்கை, உடல்நலம், அரசியல் சாய்வு, பண நிலை எல்லாம் அதில் தெரிந்தன என்று ஆணையம் பட்டியலிட்டது.

2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசிமேக் ஆகிய இரு ஊடகங்கள் இதை வெளிக்கொண்டுவந்தன. சில நாள்களிலேயே ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் 16.5 மில்லியன் டாலர் கட்டவும், அவாஸ்ட் பெயரில் வரும் மென்பொருள்களின் உலாவல் தரவை விளம்பரத்துக்காக விற்காமலிருக்கவும் அமெரிக்காவில் உடன்பாடு ஆயிற்று. ஆணையத்தின் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை என்று நிறுவனம் சொன்னது, அதையும் சொல்வது நியாயம். அதே 2024-இல் செக் நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம், 2019-இல் ஏறக்குறைய 100 மில்லியன் பயனர்களின் விவரங்களை ஜம்ப்ஷாட்டுக்குக் கொடுத்ததற்காக 351 மில்லியன் கொருனா அபராதம் விதித்தது.

ஒரு சின்ன விஷயம், வழக்கறிஞர் என்ற முறையில் என் மனத்தில் முள்ளாகக் குத்துவது. 2025-இல் அமெரிக்காவில் அந்தப் பணத்தைப் பங்கிட மனுச் செய்யச் சொன்னார்கள். யாருக்கு? அந்தக் காலத்தில் அவாஸ்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு. இலவசமாகப் போட்டவர்கள் அந்தப் பங்கீட்டில் இல்லை. அவர்கள் இழந்த பணம் என்று ஒன்றும் இல்லையாம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024-இல் திருத்தி அபராதத்தைப் பத்து லட்சம் வெள்ளி வரை உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது. மலேசியாவுக்கு வெளியே கையாளப்படும் தரவு, மீண்டும் இங்கே பயன்படுத்தும் நோக்கம் இல்லாவிட்டால், அதன் எல்லைக்குள் வராது. கட்டப்படும் அபராதத்தில் உங்களுக்கு ஒரு காசு வராது. இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் உரிமையையும் அந்தச் சட்டம் தனியாகத் தரவில்லை. வேடிக்கையாக இல்லையா? பாகான் நக்கோடா ஓமாரில் ஒரு மடிக்கணினியில் அவாஸ்ட் போட்டிருந்தால், நிறுவனம் ஐரோப்பாவில் இருந்த காரணத்தால், ஐரோப்பியச் சட்டத்தின் வாசகம் அந்த மனிதருக்குக் கொடுத்த பாதுகாப்பு நம் சட்டம் கொடுத்ததைவிட அதிகம்.

இன்னொன்று. நம் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, தரவு சேகரிப்பவர் கொடுக்க வேண்டிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும் என்று இல்லை. நம் அம்மாக்கள் 'செத்துஜு' என்று எழுதிய பொத்தானை அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் வரும் என்பதால் அழுத்துகிறார்கள். அது சம்மதமா? தோட்டத்துக் கிராணி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்ததற்கும் இதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

காசு கொடுத்து வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். நார்ட்டன் காசுக்கு விற்கும் ஆன்டிவைரஸ். 2021-இல் அதற்குள்ளேயே கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்து, கிடைப்பதில் 15 விழுக்காட்டைத் தான் எடுத்துக்கொண்டது. நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் ஓடும் என்றார்கள், இருந்தாலும் காவலனுக்கு எதற்கு இந்த வேலை? மறுபக்கம், இலவசம் எல்லாமே தூண்டில் என்பதும் தப்பு. 7-ஜிப் போன்றவை மூல நிரலை யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைத்திருப்பவை. அவற்றை நானே பயன்படுத்துகிறேன். எல்லாவற்றிலும் மோசமானது, காசுக்கு விற்கும் ஆன்டிவைரஸின் பூட்டை உடைத்து 10 வெள்ளிக்குப் போட்டுத் தருகிறேன் என்பது. பூட்டை உடைத்தவன் வேறு என்ன செய்தான் என்று யாருக்குத் தெரியும்?

நடைமுறைக்கு வருகிறேன். போன வாரம் அந்த அக்காவின் மடிக்கணினியை அவரோடு உட்கார்ந்து திறந்து பார்த்தோம். நான் போடச் சொன்னது ஒன்று, கடைக்காரர் முன்பே போட்டது ஒன்று, ஆக இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. டிஃபெண்டர் ஒதுங்கிக் கிடந்தது. வேறொன்று நுழைந்தால் அது தானாகவே விலகிக்கொள்ளும். இரண்டையும் நீக்கினோம், டிஃபெண்டர் மீண்டும் எழுந்தது. உலாவியில் யார் போட்டது என்று தெரியாத நீட்சிகள் இருந்தன, அவற்றையும் எடுத்தோம். விண்டோஸ் 10-இல் இருந்தது. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இனிப் புதிய ஓட்டைகளை வழக்கம்போல் அடைத்துத் தர மாட்டார்கள், கூரை ஒழுகும் வீட்டில் காவலாளியை வைத்து என்ன பயன்? அந்தக் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்கியதால் மாற்றிவிட்டோம். தாங்காத பழைய கணினியாக இருந்தால், தயவுசெய்து நம் கோப்புகளை அதில் வைக்காதீர்கள்.

பிறகு கோப்புகள். முடிந்துபோன வழக்குகளின் அடையாள அட்டை நகல்களை அழித்தோம். தேவையில்லாததை வைத்திருந்தால்தானே திருட்டுப் போகும். மீதியை 7-ஜிப்பில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி இரண்டு பெண்டிரைவில் எடுத்தோம். கடவுச்சொல் இல்லாமல் எந்த ஆன்டிவைரஸும் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஒன்று அக்காவிடம், ஒன்று என் அலுவலக இரும்புப் பெட்டியில். கணினியில் இருந்த பிரதியை நீக்கிவிட்டோம். போட்டோஸ்டேட் கடையில் அந்தப் பெண்டிரைவைச் செருகுவதில்லை என்றும் முடிவு. 2008-இல் கான்ஃபிக்கர் என்ற புழு லட்சக்கணக்கான கணினிகளுக்குப் பரவியபோது பெண்டிரைவும் அதற்கு ஒரு வாகனமாக இருந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? நம் இயக்கம் வணிகம் செய்யவில்லை. ஆகவே நான் இப்போது குறை சொன்ன அந்தத் தரவுச் சட்டம் நம்மையும் கட்டுப்படுத்தவில்லை. உங்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை நாங்கள் அஜாக்கிரதையாகத் தொலைத்தால் அந்தச் சட்டத்தின் கீழ் எங்களைக் கேட்க ஆள் இல்லை. அதனால் நீங்களே கேளுங்கள். யாராவது உங்கள் நகல்களை வாங்க வந்தால், நானாகவே இருந்தாலும், எந்தக் கணினியில் வைப்பீர்கள், எத்தனை நாள் வைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள். இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள், ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்கள். கடவுச்சொல்லை அவர்களிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டிக் கொடுங்கள். படிக்கும் வாசகர்கள் அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்களுடையதையும் எடுத்து வாருங்கள். சார்ஜர் கம்பியை மறந்துவிடாதீர்கள், இங்கே ஒன்றுதான் இருக்கிறது.